அதிரு காட்டியவர்

பாறசாலைப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி "இந்த மண் நமதே" என்று முழங்கியது. அந்தச் சொல் அழுகிய தழையின் வாடையை என் மூக்குக்குக் கொண்டுவந்தது.

என் சிறுவயதில், எங்கள் ஊர் எந்த மாநிலத்தில் சேர்வது என்று நடந்த எல்லைப் போராட்ட நாட்களில், எங்கள் நிலக்காரரும் மேடையில் அப்படித்தான் முழங்குவார். ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்பார். அவருடைய பாறைச் சரிவைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்து, அம்மாவும் அப்பாவும் தழை சுமந்து போட்டுப் போட்டு மரச்சீனிக் கிழங்கு பயிராகும் விளையாக்கியிருந்தார்கள். எங்கள் உடம்பிலும் சோற்றிலும் அந்த வாடைதான்.

எல்லைக்கோடு எங்கே விழுமோ என்று பயந்து, அவர் விளையை விற்க ஆள் கூட்டி வந்தார். வந்து, தன்னுடையது என்று பக்கத்து விளையைக் கைகாட்டினார்.

"அது நம்மளுது இல்ல ஏமானே. நம்ம விளை இதாக்கும்," என்றார் அப்பா.

"அப்ப நீயே அதிரு காட்டிக் குடுலே. நாளை முதல் நீ இதுல நிக்கப்பிடாது."

"கிழங்கு பருக்கட்டும் ஏமானே."

"வாங்குனவரு பறிச்சுக்கிடுவாரு."

அப்பா முன்னால் நடந்தார். ஓடை, கையாலை மண்சுவர், அயினி மரம் என்று ஒவ்வொரு எல்லையாகக் காட்டிக்கொண்டே போனார். ஒரு செடியையும் மிதிக்கவில்லை. நாலாவது எல்லையைக் காட்டி முடித்தபோது அதற்கு வெளியே நின்றார். திரும்ப உள்ளே வர, இனி அவர் யாரிடமாவது கேட்கவேண்டும்.