கீழ் இமை

கோவில்பட்டியில் கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் ரத்தம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆட்டின் கழுத்தில் எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி மெஷினில் சுற்றவிட்டால் சிவப்பு அடியில் தங்கும். குழாயில் கால் பங்குக்கு மேலாவது சிவப்பு இருக்க வேண்டும். மெஷினில் போடும் முன்பே கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

மழை முடிந்த சமயம், பசுவந்தனைப் பக்கமிருந்து ஒரு பெண் செம்மறி ஒன்றைக் கொண்டுவந்தார். வயிற்றுப் புழு ரத்தத்தைக் குடித்து, இமையின் உட்புறம் வெளுத்துக் கிடந்தது.

"அங்கன என்னத்தப் பாக்குதீங்க அண்ணாச்சி?"

"ரத்தம் இருக்கான்னு பாக்குதேன்."

"அப்ப எனக்கும் பாருங்க. ரெண்டு எட்டு நடந்தா மூச்சு வாங்குது." சிரித்துக்கொண்டே தன் இமையை இழுத்துக் காட்டினார். ஆட்டின் இமைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

பெண்களிடம் பேசக் கூசுகிற நான் அன்று பேசிவிட்டேன். "இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா." டாக்டரும் அதையே சொன்னார்.

"ஆட்ட வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றார்.

அடுத்த மாதம் அந்த ஆட்டை அவர் கணவர் கொண்டுவந்தார். "அக்கா வரலையா?" என்று கேட்டேன்.

"அவ போய்ச் சேந்துட்டா அண்ணாச்சி. ஒடம்புல ரத்தமே இல்லன்னு பெரியாஸ்பத்திரில சொன்னாவ. இதையாச்சும் நல்லாப் பாருங்க."

இமையை இழுத்தேன். நல்ல சிவப்பு.

இன்றும் எந்த ஆட்டின் இமையை இழுத்தாலும் சிரிக்கிற அந்தக் கண்தான் முதலில் தெரிகிறது. டவுன் பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் கண்களை நான் பார்ப்பதில்லை.