வெளிச்சம் குறைத்து வைத்த பதினாறு இன்ச்

1. காலையில் ஷட்டர் தூக்கியதும்

ஷட்டரைத் தூக்கியதும் என் முதல் வேலை சாமி படத்துக்குப் பூ வைப்பது. இரண்டாவது வேலை, ஒரு நல்ல லேப்டாப்பின் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பது.

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று யாராவது தினமும் போன் செய்கிறார்கள். "அக்கா, ரெண்டு லேப்டாப் பாத்து வெச்சிருக்கறேன். எது எடுக்கறதுங்க?" என்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் என் கை என்ன செய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது.

டிஸ்ப்ளே டேபிள் என் பொறுப்புக்கு வந்த முதல் நாளே மேனேஜர் செந்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். எந்த மெஷின் ஸ்டாக்கில் தேங்கிக் கிடக்கிறதோ அதற்கு முழு வெளிச்சம். அதோடு போட்டிக்கு நிற்கிற மெஷின் பக்கத்திலேயே இருக்கும், அதற்கு ஆறு கட்டம் கம்மி. ரொம்ப நல்ல மெஷினாக இருந்தால் நைட் லைட்டையும் போட்டுவிட வேண்டும், திரை மஞ்சள் காமாலை வந்ததுபோல ஆகிவிடும்.

"இது சரிங்களா?" என்று கேட்டேன்.

"பொய் ஒண்ணும் சொல்லலீங்களே அக்கா. கஸ்டமர் அவரு கண்ணால பாத்துத்தான எடுக்கறாரு" என்றார்.

இதைக் கேட்டு அன்றைக்கே நான் வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "சரிங்க" என்றேன். எத்தனை வருஷம் அப்படிச் செய்தேன் என்று எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

2. பெரிய ஸ்கிரீன், குறைந்த விலை

பெரிய திரை, விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று வருகிறவர்களுக்கு அப்போது எங்களிடம் இரண்டு மாடல் இருந்தது. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்று பதினேழு இன்ச். பார்க்க ஆள் பயங்கரம். ஆனால் பேனல் பழைய வகை. நேராகப் பார்த்தால் சுமார், கொஞ்சம் தலையைச் சாய்த்தால் நிறமே மாறிவிடும். புள்ளிகள் கம்மி என்பதால் எழுத்து பெரிதாகத் தெரியும், ஆனால் ஓரமெல்லாம் பிசிறு அடிக்கும். இன்னொன்று பதினாறு இன்ச். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், புள்ளிகளும் அதிகம். ஒரு இன்ச் சின்னது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் கிடையாது. கடையில் வேலை பார்க்கிற எங்களில் யாராவது தன் வீட்டுக்கு எடுத்தால் பதினாறைத்தான் எடுப்போம். வருகிறவர்களுக்குப் பதினேழைத்தான் தள்ளுவோம். இது என்ன நியாயம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

பதினேழு இன்ச் குடோனில் அட்டி அட்டியாக அடுக்கிக் கிடந்தது. அதனால் தினமும் காலையில் பதினாறு இன்ச்சின் வெளிச்சத்தை நான் குறைத்தேன்.

3. பென் டிரைவோடு வந்தவள்

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். கடையில் கூட்டமில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே வந்துதான் கண்ணாடியைக் கழற்றினாள். வலது கண் கொஞ்சம் சிவந்திருந்தது.

"ஏனுங்க அக்கா, பெரிய ஸ்கிரீன்ல, வெல ரொம்பப் போகாம ரெண்டு காட்டுங்க. பாத்து ஒண்ணு எடுத்துக்கறேன்."

பெயர் ஜெயந்தி. துடியலூர். ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் செக்‌ஷனில் பன்னிரண்டு வருஷம் டிராயிங் போட்டவள். கண்ணில் ஆபரேஷன் ஆனபிறகு வீட்டிலிருந்தே வேலை. கம்பெனி அனுப்புகிற டிராயிங்கில் ஒவ்வொரு அளவையும் சரிபார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய லேப்டாப் சின்னத் திரை, பார்த்தால் தலைவலி. "பெரிய ஸ்கிரீனா மாத்திக்கம்மா" என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலத்துக்குள் பம்ப்பின் வெளிக்கூடான கேசிங்கின் டிராயிங்கை முடித்துக் கொடுக்க வேண்டும். அதையே ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"ரெண்டுலயும் இதே டிராயிங்கத் தொறந்து பாக்கோணுமுங்க" என்றாள்.

செந்தில் வந்துவிட்டார். "டெமோ மெஷின்ல பென் டிரைவ் போடறதில்லீங்க மேடம். வைரஸ் வந்துருமுங்க. கம்பெனி வீடியோ ஓடுது பாருங்க, அதுலயே கிளாரிட்டி தெரியும்."

"மயில் ஆடறதும் அருவி கொட்டறதும் நல்லாத்தான் தெரியுதுங்க. எனக்கு அது சோறு போடாதுங்களே. கத்திரிக்காயக்கூடத் திருப்பிப் பாத்துத்தான எடுக்கறோம்? இத நான் அஞ்சு வருசம் மொறச்சுப் பாத்துட்டு உக்காரோணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான், பால் கறந்தும் பார்ப்பான். எந்த மாட்டுக்காரனும் தடுப்பதில்லை. நாங்கள்தான் ஏசி போட்ட கடையில் உட்கார்ந்துகொண்டு தொடாதே என்போம்.

பதினேழுதான் ஜெயிக்கும் என்ற தைரியத்தில் செந்தில் சம்மதித்துவிட்டார்.

4. இரண்டிலும் தெரியவில்லை

முதலில் பதினேழு இன்ச். டிராயிங் பெரிதாக விரிந்தது. அவள் முகம் மலர்ந்தது. பிறகு கிட்டப் போனாள்.

"எழுத்து பெருசா இருக்குதுங்க. ஆனா இது ஆறா எட்டான்னு தெரியலீங்களே."

"ஜூம் பண்ணிக்குங்க மேடம்."

"ஜூம் பண்ணுனா டிராயிங் பூராவும் தெரியாதுங்க. ஒரு அளவ இன்னொரு அளவோட சேத்துப் பாக்கோணும்."

அடுத்து பதினாறு இன்ச். காலையில் நான் ஆறு கட்டம் குறைத்தது. மேலே கடையின் டியூப்லைட் வேறு திரையில் அடித்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையை முன்னால் சாய்த்தாள், பின்னால் சாய்த்தாள். பிறகு செய்தாள் பாருங்கள், அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். உள்ளங்கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபடியும் இடது. மறுபடியும் வலது.

"இதுல கோடே தெரியலீங்க. சாம்பல் பூசுன மாதிரி இருக்குது" என்றாள். "ரெண்டு மெஷின்லயும் தெரியலீனா தப்பு மெஷின்ல இருக்காதுங்க அக்கா."

ஒன்று பிறவியிலேயே மோசம், இன்னொன்றை நான் மோசமாக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. செந்தில் இரண்டடி தள்ளி நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான் இருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"சார், ஜெயந்தி பேசறனுங்க. அந்தக் கேசிங் டிராயிங்க வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க... இல்லீங்க சார், ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கண்ணு ஒத்துக்கல... இல்லீங்க, முடியாதுங்க. ஒரு அளவ நான் தப்பா உட்டு, அதப் பாத்து இரும்ப உருக்கிக் காஸ்டிங் ஊத்திப்போட்டாங்கன்னா அந்தப் பாவம் என்னையத்தான் சேரும்."

ஒரே ஒரு எண் தப்பாகிவிடக் கூடாது என்று தன் பிழைப்பையே விடுகிறாள் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில், தினமும் தப்பைத் திட்டம் போட்டுச் செய்கிற நான் மரம்போல நிற்கிறேன். த்தூ!

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் மணி நேரமும் நான் பேசவில்லை. செந்தில் பேசினார்.

"அப்ப பதினேழையே எடுத்துக்குங்க மேடம். கண்ணு வீக்கா இருக்கறவங்களுக்குப் பெருசுதான் நல்லது. ஊட்டுல சீரியல் பாக்கவாச்சும் ஆகும்."

அந்த ஆளை அப்போதே அறைந்திருக்கலாம்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எழுந்து பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டாள். கறுப்புக் கண்ணாடியை எடுத்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க நேரத்தையும் வீணாக்கிப்போட்டேன். கோவிச்சுக்காதீங்க அக்கா."

5. ஆறு முறை

நான் பதினாறு இன்ச்சில் வெளிச்சம் ஏற்றும் பட்டனை அழுத்தினேன். ஆறு முறை. டிராயிங் இன்னும் திரையில் திறந்தபடியே இருந்தது. ஒவ்வொரு கோடாக எழுந்து வந்தது.

"இதென்னுங்க?" என்று உட்கார்ந்துவிட்டாள். "நூத்தி இருவத்தெட்டு புள்ளி அஞ்சு. எட்டு போல்ட் ஹோல். பதினெட்டு டயா..." சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே போனாள். வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"பவர் சேவிங்ல தானாக் கொறஞ்சிருக்குமுங்க மேடம்" என்றார் செந்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

"தானாக் கொறையல கண்ணு. காலைல நான்தான் கொறச்சு வெச்சேன்" என்றேன் ஜெயந்தியிடம்.

செந்தில் திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல நின்றார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவசர அவசரமாகக் கம்பெனிக்குப் போன் போட்டாள். "சார், முடியுமுங்க, நானே பண்ணிர்றேன்" என்றாள். அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள். "சரிங்க... சரிங்க சார்" என்று வைத்தாள்.

"பீளமேட்டுக்காரரு ஒருத்தருக்கு அனுப்பிட்டாங்களாம். இனி எல்லாமே அவரு பாத்துக்கட்டும், நீ கண்ணப் பாத்துக்கம்மாங்கறாங்க."

பிறகு என்னிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "ஏனுங்க அக்கா, நான் போன் பேசறப்ப நீங்க பக்கத்துலயேதான நின்னீங்க?"

"ஆமாம்மா."

"என் கண்ணு போயிருச்சுன்னு நான் நம்பிட்டு உக்காந்திருந்தேன். அதப் பாத்துட்டுத்தான நின்னீங்க?"

இதற்கும் ஆமாம் என்பதுதான் பதில். அவள் ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள்.

அவள் படியிறங்கியதும் செந்தில் ஆரம்பித்தார். "புண்ணியம் உங்களுக்கு, டார்கெட் போனது எனக்கா? நாளையிலிருந்து பில்லிங்ல உக்காருங்க." கடையே கேட்கிற மாதிரி நானும் கத்தினேன். "உக்கார்றேன். ஆனா இனி இந்த டேபிள்ல எந்த மெஷினுக்காச்சும் வெளிச்சம் கொறஞ்சா, வாசல்ல நின்னு வர்ற கஸ்டமர்கிட்டயெல்லாம் சொல்லுவேன்." அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. நான் வெளியே போய்ச் சொல்லிவிடுவேனே என்ற பயம். பயத்துக்கு முன்னால் எல்லோரும் ஒன்றுதான் போலிருக்கிறது.

6. மறுநாள்

மறுநாள் ஒன்பது மணிக்குச் சாவியோடு போனேன். மூடிய ஷட்டருக்கு முன்னால் ஜெயந்தி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க காலைல பண்ற வேலைய நான் பாக்கோணுமுங்க" என்றாள்.

ஷட்டரைத் தூக்கினேன். அன்று சாமி படத்துக்குப் பூ வைக்கவில்லை. நேராக டேபிளுக்குப் போனேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். டேபிளில் இருந்த பதினோரு மெஷினுக்கும் வரிசையாக வெளிச்சத்தை முழுதாக ஏற்றினேன். நைட் லைட்டை அணைத்தேன். மேலே இருந்த டியூப்லைட்டையும் அணைத்தேன். பரீட்சை எழுதுகிறவளைப்போல எனக்கு வியர்த்தது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய டிராயிங்குகளைத் திறந்து திறந்து பார்த்தாள். பதினாறு, பிறகு பதினேழு, பிறகு மறுபடியும் பதினாறு. "இது போதுமுங்க" என்று பதினாறைத் தொட்டாள்.

"வேற கடையிலயே வாங்கியிருக்கலாமே அம்மணி" என்றேன், மனசு கேட்காமல்.

"அங்கயும் ஆராச்சும் கொறச்சுத்தான் வெச்சிருப்பாங்க. இங்க ஆருன்னாச்சும் தெரியுமுங்க."

அந்தக் கம்பெனி வேலை அவளுக்குத் திரும்பக் கிடைத்ததா என்று தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை.

ஆகவே பிள்ளைகளே, எந்த லேப்டாப் என்று என்னிடம் கேட்காதீர்கள். கடைக்குப் போனதும் இரண்டு மெஷினிலும் வெளிச்சத்தை நீங்களே முழுதாக ஏற்றுங்கள். மயிலும் அருவியும் வேண்டாம், தினமும் நீங்கள் பார்க்கிற வேலையைத் திறந்து பாருங்கள். கடைக்காரன் விடமாட்டேன் என்றால் படியிறங்கி வந்துவிடுங்கள். இன்ச்சை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், புள்ளி எத்தனை என்று கேளுங்கள். திரை மங்கலாக இருந்தால் முதலில் கடைக்காரனைச் சந்தேகப்படுங்கள். உங்கள் கண்ணைச் சந்தேகப்படுவது அப்புறம். கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உண்மையைச் சொல்வதாக இருந்தால் அந்தம்மா போனை எடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். நான் சொன்னது பின்னால்.

அன்று ஜெயந்திக்குப் பில் போட நானே உட்கார்ந்தேன். எங்கள் கடையில் விற்றவருடைய ஊழியர் எண்ணைப் பில்லில் அடிக்க வேண்டும், மாசக் கடைசியில் அதை வைத்துத்தான் இன்சென்டிவ் காசு. பழக்க தோஷத்தில் என் எண்ணை அடித்துவிட்டேன். அவள் திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.

"அந்த நம்பர் உங்களதுங்களா?"

"ஆமாம்மா."

"அத எடுத்துப்போடுங்க அக்கா. இத எனக்கு நீங்க விக்கலீங்க."

எடுத்துவிட்டேன்.