ஆமைத் தடத்தில் நட்ட குச்சி

நான் கடலைப் பார்த்தது எழுபதை நெருங்கும் வயதில்தான். எனக்கு ஆசை என்று ஒன்றும் இருக்கவில்லை. என் தம்பி மகள் போக வேண்டும் என்றாள். துணை இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று தம்பி சொன்னான். அதனால் போனேன்.

அவள் வேலூரில் நர்சாக இருக்கிறாள். தை, மாசியில் ஒரு சிறு கூட்டம் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கடலூருக்குத் தெற்கே ஆளரவம் குறைந்த கரையில் சில நாட்கள் நடக்கும். ஆமை கரையேறி முட்டையிட்ட குழியைத் தேடிக் கண்டுபிடித்து, வனத்துறைக்காரர்களுக்குச் சொல்லி, முட்டைகளை வேலி போட்ட இடத்துக்கு மாற்றுவார்கள். வழியில் தென்படும் கடல் உயிர்களையெல்லாம் நின்று பார்ப்பார்கள். அவள் தோழியோடு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் ஒரு குழிகூட அவள் கண்ணில் படவில்லை. இப்போது வைகாசியில் கல்யாணம். போளூர் மாப்பிள்ளை. அப்புறம் யார் அனுப்பப் போகிறார்கள்? இந்த ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அழுதாள்.

"நிச்சயம் பண்ண பொண்ணு தனியா போனா சம்பந்தி வூட்ல இன்னா சொல்வாங்க?" என்றான் தம்பி. பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீ போறியா? ஆனா உன்னால நடக்க முடியுமா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "மலையிலேருந்து படவேட்டுச் சந்தைக்குப் புளி மூட்டைய தலைமேல வச்சுக்கினு எறங்கினவ நானு. என்னையா கேக்குற?" என்றேன். அந்த வீம்பில்தான் பஸ் ஏறினேன்.

கூட்டத்தை அழைத்துப் போனவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எனக்கும் ஒரு முதுகுப் பை கொடுத்தார். அதை மாட்டியதும் பின்னால் ஒரு பிள்ளை தொங்கிக்கொண்டு இழுப்பது போல் இருந்தது. நாலு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, துண்டைச் சும்மாடு சுற்றி, பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். என் தம்பி மகளுக்கு முகம் சிவந்தது.

"அத்தை, எறக்கு அத்தை. மானம் போவுது."

"உன் மானம் உன் முதுகுல இருக்கட்டும். என்னுது தலையில இருக்கும்," என்றேன். மதியத்துக்குள் பட்டினத்துப் பிள்ளைகள் மூச்சு வாங்கினார்கள். காய்ந்த மணலில் கால் புதைந்தது. ஈர மணல் ஓரமாகப் போனால் புதையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். வாத்தியார் கூப்பிட்டு, "அம்மா, எங்களையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் கடலுக்குள் கறுப்பாக முதுகுகள் எழும்பி முழுகின. ஓங்கில், அதாவது டால்பின் என்றார்கள். சாமைக் கொல்லைக்குள் பன்றிக்கூட்டம் புகுந்தால் கதிருக்கு மேலே முதுகு மட்டும் தெரியுமே, அப்படி இருந்தது. ஆனால் பன்றியைப் பார்த்தால் வயிறு எரியும். இவற்றைப் பார்க்க வயிறு குளிர்ந்தது. மணலில் கண்ணாடிக் கஞ்சி போல் கொழகொழவென்று ஒன்று கிடந்தது. தொடாதே, சொறிமீன், பட்டால் அரிக்கும் என்று தம்பி மகள் கையைத் தட்டிவிட்டாள். நண்டுகள் எங்களைக் கண்டதும் வளைக்குள் ஓடின. ஆமைத் தடம் மட்டும் எங்கும் இல்லை. அவள் குனிந்த தலை நிமிராமல் மணலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாத்தியார் ஒரு சட்டம் சொல்லியிருந்தார். தடத்தைப் பார்க்கிறவர் அங்கேயே நிற்க வேண்டும், சத்தம் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வரும்வரை நகரக் கூடாது. எல்லாருக்கும் சொன்னதுதான். எனக்கென்று தனியாக ஒருமுறையும் சொன்னார்.

மறுநாள் விடிகிற வெளிச்சத்தில் நடந்தோம். கரையில் ஒரு ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. கழுத்தில் வலை அறுத்த காயம். அவர்கள் டேப்பை எடுத்து அதை அளக்க உட்கார்ந்தார்கள். நாற்றம் தாங்காமல் நான் முன்னால் போனேன். சவுக்குத் தோப்பு ஒன்றைத் தாண்டியதும் பார்த்தேன். கடலிலிருந்து டிராக்டர் சக்கரம் ஏறிப் போய்த் திரும்பி வந்த மாதிரி ஒரு தடம். மேலே அது முடிகிற இடத்தில் மணல் கலைந்து பொதபொதவென்று கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

நின்று கத்தியிருக்கலாம். காற்றும் அவர்கள் பக்கம்தான் அடித்தது. என் குரல் மலைக்கு மலை கேட்கிற குரல். ஆனால் கத்தினால் அவர்கள் ஓடி வந்துவிடுவார்கள், வந்ததும் எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்தது போல் ஆகிவிடும். நானே போய், ஒன்றும் சொல்லாமல், "வாங்க" என்று மட்டும் சொல்லி, முன்னால் நடந்து வந்து காட்ட வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. தேன்கூடு இருக்கிற மரத்தை முதலில் பார்த்தவர் அடியில் ஒரு குச்சியை நட்டு அதில் தழையைக் கட்டிவிட்டால் போதும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரன் வந்தால்கூட அதைத் தொடமாட்டான். நாம் வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாக ஆளைக் கூட்டி வரலாம். அதையே இங்கும் செய்தேன். நல்ல நீளமான சவுக்குக் குச்சியைக் குழிமேல் நட்டு, மணலில் ஊதாப்பூப் பூத்துப் படர்ந்திருந்த கொடியைப் பிடுங்கி அதன் தலையில் சுற்றினேன். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

திரும்பிப் போய், அவர்கள் செத்த ஆமையை அளந்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அப்புறம் தம்பி மகளிடம் போய், "வா, உனக்கு ஒண்ணு காட்டுறேன்," என்றேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நிஜமா அத்தை? நிஜமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

தோப்பைத் தாண்டினோம். குச்சி நட்டது நட்டபடி நின்றது. அதன் அடியில் யாரோ தோண்டிய பள்ளம். பள்ளத்தைச் சுற்றிச் செருப்புக் கால் பதிந்த அடையாளங்கள். ஆமைத் தடத்தையும் மிதித்துத் துவைத்திருந்தார்கள். தோல் போல் துவண்ட இரண்டு முட்டை ஓடுகள் மஞ்சள் ஒழுகிக் கிடந்தன. வேறொன்றும் இல்லை.

வாத்தியார் குச்சியைப் பார்த்தார். "இது யார் நட்டது?"

"நான்தான்."

"எதுக்கும்மா?"

எங்கள் மலைப் பழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

அந்நேரம் மீன் கூடையோடு ஒரு கரைக்காரப் பெண் வந்தாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "இன்னா இது, கண்ணாலத்துக்குப் பந்தக்கால் நட்ட மாதிரி! வாங்க வாங்க, சாப்பாடு ரெடின்னு கூப்ட்டு வச்சிட்டுப் போனது யாரு?"

யாரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே, "நானும்மா," என்றேன். அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஐயோ, பெரிய மனுசியா? தெரியாம பேசிட்டேன். நாங்கன்னா மண்ணத் தள்ளி மூடி, தடத்தக் கலைச்சுட்டுப் போவோம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் தொடர்ந்து சிரித்திருந்தால் பரவாயில்லை.

வாத்தியார் திட்டவில்லை. "நடக்கறதுதாம்மா," என்றார். தம்பி மகள் பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, உடைந்த ஓட்டை விரலால் தொட்டாள். அவள் பார்க்க வந்தது அதை அல்ல. பிறகு எழுந்து, "உனக்குக் காலு சுடும், நிழலுக்கு வா அத்தை," என்றாள். வெயிலே ஏறவில்லை அப்போது.

அதற்குப் பின் நான் முன்னால் நடக்கவில்லை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு கடைசியில் வந்தேன். இன்னொரு தடம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆமையைப் பார்த்தீர்களா என்றார்கள். தம்பி மகள் முந்திக்கொண்டு, "அத்தைதான்பா மொதல்ல தடத்தப் பார்த்துச்சு," என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குச்சி நட்டதையும் முட்டை போனதையும் சொன்னேன்.

தம்பிக்கு மூக்கு விடைத்தது. "அடையாளம் வச்சத எடுத்தானா? அவன்லாம் ஒரு மனுசனா?"

"திருட்டுப் பசங்க," என்றாள் தம்பி பெண்டாட்டி. "நீ இன்னா பண்ணுவ அண்ணி? முறைப்படிதான பண்ண?"

"அங்கியே நிக்கச் சொன்னாங்கடி. நான் நிக்கல."

"நின்னு இன்னா பண்றது? அதான் குச்சி நட்டியே."

எத்தனை தரம் சொன்னாலும் அவர்களுக்கு ஏறவில்லை. சேதி கேட்டு வந்தவர்களும் என் பக்கமே பேசினார்கள். கடற்கரைக்காரர்களுக்கு நியாயம் இல்லை என்று முடிவு கட்டினார்கள். நான் குச்சியை முட்டைக்காக நடவில்லை, என் பேருக்காக நட்டேன் என்று அங்கே தெரிந்தவள் தம்பி மகள் ஒருத்திதான். அவள் தட்டில் களியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு என்னைக் கேட்டாள். "அத்தை, அந்தத் தடம் எவ்ளோ அகலம் இருந்துச்சு?"

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். என் கைகளுக்கு நடுவே இருந்த இடத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.