பதினைந்து வருஷம் ஓடும் ஏர்பிரஷ்

சித்தி எங்கள் வீட்டுக்கு முதுகுவலி வைத்தியத்துக்காக வந்தாள். ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் எண்ணெய் வைத்தியம் என்று சொல்லி வந்தவள், ஒன்பது மாதமாகியும் போகவில்லை. நாங்கள் அப்போது திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. நாகர்கோவில் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பத்து வயது.

அந்த முதுகுவலி எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. எப்படி வந்தது என்று சித்தியிடம் கேட்டால் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அம்மாவிடம் கேட்டால் மாவாட்டும்போது பிடித்துக்கொண்டது என்றாள். சரி, இரண்டு வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட வேடிக்கை, சித்தி தரையில் சம்மணமிட்டுக் குனிந்தபடி மூன்று மணி நேரம் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவாள். ஒரு முறைகூட முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்ததில்லை. அதையும் அம்மாவிடம் கேட்டேன்.

"மருந்து பிடிச்சிருக்குட்டி" என்றாள் அம்மா.

"பொறவு எதுக்கு இன்னும் மருந்து?"

"பிடிச்ச மருந்த பாதில நிறுத்தப்பிடாது. போய்ப் படி."

பொம்மைகள் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த கதகளி ஆட்டக்காரர்கள். கிழக்கேகோட்டையில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு கடையிலிருந்து அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு வெள்ளை வெள்ளையாக வரும். பக்கத்து வீட்டுச் சேச்சிதான் சித்தியை அங்கே கூட்டிப் போய் அறிமுகம் செய்து வைத்தாள். முதலில் பொழுதுபோக்குக்கு என்று பத்துப் பொம்மை. பிறகு ஐம்பது. சித்தி அணில்வால் தூரிகையில் நாலைந்து மயிர் மட்டும் விட்டு மீதியை வெட்டிவிட்டு, அதைக்கொண்டு கண் எழுதுவாள். கண் எழுதும்போது மூச்சுவிட மாட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொள்வேன். என்னால் ஒரு கண்வரைதான் முடியும்.

ஒரே குறை, பொம்மையின் முகத்தில் இருந்தது. பச்சை பூசிய முகத்தில் தூரிகை ஓடிய கோடு தெரிகிறதாம். கடை முதலாளி ஒரு பொம்மையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "சாயிப்பு கண்ணாடி போட்டுத்தான் பாக்கும், கேட்டியா. இந்த வரி இல்லைன்னா கோவளத்தில உள்ள கடைக்கெல்லாம் நானே எடுத்துக் கொடுப்பேன். ஏர்பிரஷ் வாங்கு" என்றார். சாயிப்பு என்றால் வெள்ளைக்காரன். ஏர்பிரஷ் என்றால் என்ன என்று அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதே வாரம் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. தை பிறந்ததும் தானே வந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு போவதாக எழுதியிருந்தார். அப்பா அதைச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்தபோது சித்தி ஒரு கண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். அதை முடித்தாள். அடுத்த கண்ணையும் முடித்தாள். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். போவாளா மாட்டாளா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கட்டிக் கொடுத்த பெண் வைத்தியத்துக்கு வந்து இருக்கலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் புருஷன் வந்து வாசலில் நின்று வா என்று கூப்பிட்டால் போயாக வேண்டும். எங்கள் ஆட்களிடம் அப்படித்தான். அந்த மார்கழி முழுக்க வீட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. எனக்குச் சந்தேகமே இல்லை, சித்தி போகப் போகிறாள். போகிறவளுக்கு ஏர்பிரஷ் எதற்கு என்பதுதான் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா, சித்தி, நான் மூவரும் அதை வாங்கப் போனோம். பெயின்டு, தூரிகை, போர்டு எழுதுகிற சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரர் மலையாளி. எங்களோடு பேச வேண்டும் என்பதற்காகத் தமிழில் பேசினார். கண்ணாடி மேஜையில் ஒரு துணியை விரித்து இரண்டு ஏர்பிரஷ்களை வைத்தார். இரண்டும் எனக்குப் பேனா மாதிரிதான் தெரிந்தன. ஒன்று தடியான பேனா. மற்றது ஒல்லியான பேனா, அதன் முதுகில் சின்னக் கிண்ணம் ஒன்று இருந்தது.

"இது துடக்கக்காருக்கு உள்ளது" என்று தடியானதைக் காட்டினார். "இந்தப் பித்தான அமர்த்தினா போதும், காத்தும் சாயமும் ஒண்ணா வரும். லாரி டியூபில காத்து நிறைச்சு வச்சாலும் ஓடும். மற்றது படிக்கக் கொஞ்சம் பாடு. அமர்த்தினா காத்து மட்டும். பின்னால இழுத்தாதான் சாயம். எத்தற இழுக்கறியோ அத்தற. அதுக்குக் கம்ப்ரஸர் வேணும்."

அப்பா இரண்டையும் கையில் வாங்கினார். பாத்திரக் கடையில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்த பரிட்சை ஒன்றே ஒன்றுதான். முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு நகத்தால் சுண்டிக் காதருகே பிடித்தார். "இதுதான் கனம். பித்தளையும் நல்ல பித்தளை. மத்தது தகரம் போல இருக்கு. அதுக்கு எதுக்கு மூணு மடங்கு வெல?" என்றார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "சேட்டா, இது பாயசம் வைக்கிற உருளி இல்லையே" என்றார்.

"அது சரி. நமக்கு ஒரு மாசம் தள்ளுனா போதும். தையில அவ ஊருக்குப் போயிருவா. லாரி டியூப் போரும்."

சித்தி ஒல்லியானதைக் கையில் எடுத்து, ஆட்காட்டி விரலைப் பித்தானில் வைத்து, அமர்த்தி, மெல்லப் பின்னால் இழுத்தாள். காற்றும் இல்லை, சாயமும் இல்லை. ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குள்ள உள்ள ஊசி தேயுமா?" என்று கேட்டாள்.

"தேயும். கீழ போடாம பாத்தா ஒரு ஊசி அஞ்சு கொல்லம் நிக்கும்."

"அஞ்சு வருஷமா?"

"உறப்பாயிட்டும் நிக்கும்."

"அப்ப இதுல ஒண்ணு இருக்கு. கூட ரெண்டு ஊசி குடுங்க."

அப்பா வாயைத் திறந்தார். சித்தி அவரைப் பார்க்காமல் பர்ஸைத் திறந்து பொம்மை வர்ணத்தில் சேர்ந்த காசை எடுத்து மேஜையில் வைத்தாள். அப்பா தடியான ஏர்பிரஷைத் துணியின் மேல் திரும்ப வைத்தார். வைப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை எடை பார்த்தார்.

பஸ்ஸில் நான் சித்தியிடம், "இத ஊருக்குக் கொண்டு போவியா சித்தி?" என்று கேட்டேன்.

"அங்க எதுக்கு மக்களே."

"பொறவு எதுக்குக் கூட ரெண்டு ஊசி?"

சித்தி ஜன்னலைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டிக்கெட்டைப் பரிட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்ரஸரை மணக்காட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஒருவர் செய்து கொடுத்தார். பழைய ஃபிரிட்ஜின் மோட்டாரைப் பலகையில் பூட்டி ஒரு சிலிண்டரோடு இணைத்திருந்தார். சத்தம் அதிகமில்லை. ஆனால் நடந்தது. போட்டுவிட்டுக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் பலகையோடு நகர்ந்து பின்னறை நிலைப்படியில் வந்து நிற்கும். இரண்டு நாள் அம்மா அதன் முன்னால் அம்மியை வைத்துத் தடுத்துப் பார்த்தாள். அம்மியையும் தள்ளிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் அப்பா கடையிலிருந்து வரும்போது நாலு போல்ட்டும் ஒரு பொட்டலம் சிமெண்டும் கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுப் பின்னறைத் தரையைக் குடைய ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்துவிட்டார். வாடகை வீட்டுத் தரையைத் துளைக்க யார் சொன்னது என்று கேட்டார்.

"வீட்ட ஒழியும்போது அடைச்சுத் தாரேன்" என்றார் அப்பா, தலையைத் தூக்காமலே.

"எப்ப ஒழியப் போறீங்க?"

"இப்ப இல்ல."

வீட்டுக்காரரிடம் அப்பா அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஒரு மாதம் போதும் என்று சொன்ன அதே அப்பா. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் கேட்காமலேயே அம்மா இரண்டாவது தடவை ரசம் ஊற்றினாள். சித்தி அப்பாவின் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லோருக்கும் எதுவோ தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்பது தெரிந்தது. கேட்கத்தான் வெட்கமாக இருந்தது.

முதல் பத்து நாள் சித்தி பழைய செய்தித்தாளில்தான் அடித்தாள். அதிகம் இழுத்தால் பச்சை சிதறிச் சிலந்தி மாதிரி கால் பரப்பும். குறைவாக இழுத்தால் துப்பும். பதினோராம் நாள் ஒரு பொம்மையின் முகத்தில் அடித்தாள். காற்றே பச்சையாகிப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை. சித்தி அந்தப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை சித்தப்பா வந்தார். சித்தி பொம்மைகளைக் கொடுக்கக் கிழக்கேகோட்டைக்குப் போயிருந்தாள். அப்பா கடையில். அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள், காபி போட.

எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். அதிர்ந்து பேச மாட்டார். என்னைப் பார்த்தால் வாய்ப்பாடு கேட்பார், சரியாகச் சொன்னால் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் வரும். அன்று ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்திருந்தார். ஆனால் வாய்ப்பாடு கேட்கவில்லை.

"ஒன் சித்தி பெட்டியெல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"பெட்டியா? சித்தி ஏர்பிரஷ் வாங்கிருக்கா. பாக்கியளா?"

பின்னறைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு அதைக் காட்ட வேறு ஆள் கிடைத்ததில்லை. எது காற்று, எது சாயம், எவ்வளவு இழுத்தால் எவ்வளவு வரும் என்றெல்லாம் கடைக்காரரைப் போலவே சொன்னேன். ஊசி டப்பாவையும் திறந்து காட்டினேன்.

"இது என்னத்துக்கு ரெண்டு?" என்றார்.

"ஒண்ணு அஞ்சு வருஷம் ஓடும். உள்ள ஒண்ணு இருக்கு. ஆக மூணு. மூவஞ்சு பதினஞ்சு. பதினஞ்சு வருஷத்துக்குச் சித்திக்குக் கவலையே இல்ல."

அவர் சரி என்று சொல்லவில்லை. மிட்டாயும் வரவில்லை. குனிந்து கம்ப்ரஸரைப் பார்த்தார். கால் பெருவிரலால் ஒரு போல்ட்டை அழுத்திப் பார்த்தார்.

"இது கழறுமா?"

"கழறாது. அப்பா சிமெண்டு போட்டுருக்காவ."

"ஒங்க அப்பாவா போட்டாவ?"

"ஆமா. வீட்டுக்காரரு சத்தம் போட்டாரு. அப்பாவும் திரும்பச் சத்தம் போட்டாவ." அது அவ்வளவு உண்மையில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சித்தப்பா இன்னொரு போல்ட்டையும் அழுத்திப் பார்த்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டேன். கிண்ணத்தில் காலையில் சித்தி விட்டுவைத்த பச்சை கொஞ்சம் இருந்தது. "பாருங்க சித்தப்பா, அமர்த்தினா காத்து" என்றேன். அமர்த்தினேன். "இழுத்தா" என்று சொல்லி இழுத்தேன். நுனி அவர் பக்கம் திரும்பிவிட்டது. அவருடைய வலது கையில், மணிக்கட்டிலிருந்து விரல்வரை, பச்சை படிந்தது. ஒரு கோடு இல்லாமல்.

அவர் அந்தக் கையையே பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். கையை வேட்டியில் துடைக்கப் போனவர், வெள்ளை வேட்டி என்று நினைத்தோ என்னவோ துடைக்காமல் வாசலுக்கு நடந்தார்.

"நான் வந்துட்டுப் போனேன்னு மட்டும் ஒன் சித்திட்ட சொல்லு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா காபியோடு வந்து வாசலைப் பார்த்தாள். "என்னட்டி செஞ்ச?"

"சித்தப்பா கைல பச்சை அடிச்சுட்டேன்."

"வேற என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. ஊசியக் காட்டுனேன், போல்ட்டக் காட்டுனேன். கணக்குதான் சொன்னேன்."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். காபியை அவளே குடித்தாள். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சித்தி வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். கூட்டிப் போக வந்தவரை நான் கையில் சாயம் அடித்துத் துரத்திவிட்டேன், என் ஒருத்தியால் எல்லாம் கெட்டது என்றேன். சித்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கே நின்றார், போல்ட்டை எந்தக் காலால் தொட்டார், போகும்போது திரும்பிப் பார்த்தாரா என்று. திரும்பிப் பார்க்கவில்லை என்றேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. கூடையைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தாள்.

மறுநாள் நான் ஒரு இன்லண்டு கடிதம் எழுதினேன். "அன்புள்ள சித்தப்பாவுக்கு, என்னை மன்னித்துவிடுங்கள். அது எனாமல் பெயின்டு, சோப்புப் போட்டால் போகாது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கை சரியானதும் வந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள்." விலாசம் எழுதித் தரச் சொல்லிச் சித்தியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

"கடைசி வரி வேணுமா மக்களே?"

"மரியாதைக்கு எழுதாண்டாமா?"

சித்தி கடிதத்தை மடித்தாள். பிறகு, "செரி, கெடக்கட்டும்" என்று சொல்லி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, விலாசம் எழுதி, கடைக்குப் போகிற கூடைக்குள் பொம்மைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

அந்த மாசி, பங்குனி முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தபால் வந்ததா என்றுதான் கேட்பேன். வரவில்லை என்று அம்மா சொல்வாள். பின்னறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். பாவம் சித்தப்பா, நாகர்கோவிலில் நல்ல மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.