பெரிய கண்ணுக்கு வைத்த பொட்டு

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் நட்ட நடுவில் காய்ந்துபோன சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். அறுபதுகளின் கடைசியில் பல்கலைக்கழக வானாய்வகத்தில் வேலை பார்த்த நாட்களை நினைத்தால், எனக்கு நிலாவோ சனி வளையமோ முதலில் வருவதில்லை. இந்தப் பொட்டுதான் வருகிறது. கூடவே சிரிப்பும் வரும்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்காற்று வந்து மோதுகிற ஒரு மேட்டில் இருந்தது எங்கள் ஆய்வகம். இன்று அந்தப் பக்கம் போனால் தொழிற்சாலை விளக்குகளில் வானம் வெளிறிக் கிடக்கிறது. அன்று பொழுது சாய்ந்தால் வயலும் பனையும் தண்ணீரும் ஒரே நீலமாகிவிடும். தொலைநோக்கி இருந்த டோமின், அந்த அரைவட்டக் கூரையின், கதவை இழுத்துத் திறந்ததும் அந்த நீலத்தில் ஒரு துண்டு மெல்ல உள்ளே இறங்கி வரும். எங்கள் பேச்சு தானாகவே தணிந்துவிடும். கடம்பத்தூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து, பகலெல்லாம் கணக்குப் போட்டுக் களைத்த எனக்கு, நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாது. முதல் நட்சத்திரம் தென்பட்டதும் எல்லாக் களைப்பும் மறந்துபோகும்.

ஆய்வகத்தின் பொறுப்பு ஒரு பேராசிரியையிடம் இருந்தது. எனக்கு அவர் மேடம், அட்டெண்டர் அண்ணனுக்கு அம்மா. கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு! தொலைநோக்கியின் முன்கண்ணாடியை யாரும் தொடக் கூடாது, ஊதக் கூடாது. பக்கத்தில் நின்று தும்மிய பாவத்துக்கு என்னை ஒருமுறை வராந்தாவுக்குத் துரத்தியிருக்கிறார். அந்தக் கண்ணாடிக்கு 'பெரிய கண்ணு' என்று பெயர் வைத்தவர் அட்டெண்டர் அண்ணன். அவர் பழவேற்காட்டு மீனவர். படகில் தனக்கிருந்த பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தற்காலிக வேலையென்று தெரிந்தே வந்தவர். இந்த வேலை போனால் திரும்பி ஏற அவருக்குப் படகு கிடையாது. ஏணியில் ஏறிப் பெரிய கண்ணின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் ஒருவர் மட்டும்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மேடம் ஊருக்குக் கிளம்பும்போது, "வேண்டுமானால் தொலைநோக்கிக்கு ஒரு பொட்டு வைத்துவிடு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். குழாயைத்தான் சொன்னார். அண்ணன் வைத்தது கண்ணாடியில். பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் நிலாவின் பள்ளங்களையும் வியாழனின் துணைக்கோள்களையும் நாங்கள் அந்தப் பொட்டின் வழியாகவே பார்த்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. முன்கண்ணாடியில் ஒரு புள்ளி இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் கனவு மாதிரி இருக்கிறது.

மாசியில் பல்கலைக்கழகப் பதிவாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். அண்ணனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றைக்கு முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முன்கண்ணாடியையும் காட்டச் சொன்னார். குழாயைத் தாழ்த்தி, அண்ணனே பெருமையாக மூடியைக் கழற்றினார். கண்ணாடியின் நட்ட நடுவில் அந்தப் பொட்டு!

"யார் செய்த வேலை இது?" என்றார் பதிவாளர்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொன்னார்: "நான்தான் வைத்தேன்."

பதிவாளர் மேடத்தின் நெற்றியைப் பார்த்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர் மேடம். அந்த நெற்றியில் பொட்டு இருந்து நாங்கள் கண்டதில்லை. கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழ் அவரைத் தாண்டித்தான் போகும். பாழாய்ப்போன காலம் அது! அவர் சொன்னது பொய்யென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொய்யென்று சொல்ல வேண்டுமானால் அந்த நெற்றியைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, துடைத்துவிடுங்கள்" என்றார். அண்ணனின் வேலையும் நிலைத்தது.

ஜீப் போனதும் அண்ணன் உடைந்துபோனார். "இன்னாம்மா இப்டி சொல்லிட்டீங்க? புதுப் படவுக்கு மூஞ்சிலதாம்மா பொட்டு வெப்போம். கொழாவா பாக்குது, கண்ணுதானே பாக்குது? அதான் கண்ணுல வெச்சேன்."

"உன்னை யார் கேட்டது? போய்ப் பஞ்சு கொண்டு வா" என்றார் மேடம். கண்ணாடியை அவரே துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. அண்ணன் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு நேராக மேடத்தின் முன்னால் வந்து நின்றார்.

"போன தபா நீங்கதானே வெச்சீங்க? ஜீப்புல வந்த பெரியவரு முன்னாடியே சொன்னீங்க. இந்த தபாவும் உங்க கையாலயே வெச்சிடுங்கம்மா."

மேடம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நான் பயந்தேன். அவர் குங்குமத்தைத் தொட்டார். குழாயின் மேல் ஒரு பொட்டு வைத்தார், கொஞ்சம் கோணலாக.

விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று நான் கைக்குட்டையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அன்று சாயங்காலம் வரை அந்தச் சிவந்த விரலோடுதான் கணக்குப் போட்டார்.