ஓல்டன்ஸ்லோட் என்று எத்தனை பேர்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: அப்பா. வெல்டர். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா. குசினிக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான். எட்டு வயது. பக்கத்து ரூம் மாமா. புதுக்கோட்டைக்காரர். அப்பா வேலை செய்த வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் பிளாட்டில் ஒரு ரூமை வாடகைக்கு எடுத்திருந்தார். கடைசியாக ஒல்லாந்துக்காரர். இன்ஜினியர். அப்பா ஒட்டிய குழாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சரி பிழை சொல்கிறவர்.

ஐந்து பேர். குவைத்தில், மங்காஃபில், நாலாம் மாடியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

எங்கள் பெயர் ஓல்டன்ஸ்லோட். அப்பா மட்டக்களப்புப் பறங்கி. ஒல்லாந்தர் கப்பலில் வந்த யாரோ ஒருவன் விட்டுப்போன பெயர் அது. பெயரைத் தவிர வேறொன்றும் அவன் விட்டுப்போகவில்லை. நிறம் இல்லை. மொழி இல்லை. வீட்டில் தமிழ்தான். ஆண்களுக்குத் தொழில் இரும்பு, இல்லாவிட்டால் மரம்.

வொர்க்‌ஷாப்பில் அந்தப் பெயர் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. ஹிந்திக்காரர்கள் ‘ஓல்டு பாய்’ என்று சுருக்கிவிட்டார்கள். அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

மாமாவின் கதை வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கட்டம் சும்மா கிடக்கக் கூடாதென்று ஏஜென்ட் அதில் அவருடைய அப்பா பெயரைப் போட்டுவிட்டான். குவைத்தில் இறங்கின நாளிலிருந்து கேட்டிலும் சைட்டிலும் எல்லாரும் அவரைப் பெரியசாமி என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியசாமி செத்துப் பத்து வருஷம்.

“போர்மேன் திட்டுறப்ப மட்டும் சௌகரியமா இருக்குண்ணே. எங்க அப்பாவத்தான திட்டுறான்னு நின்னுக்கிட்டிருப்பேன்” என்பார்.

ஒல்லாந்துக்காரர் அப்பாவின் கேட் பாஸைப் பார்த்துத்தான் முதலில் நின்றார். இந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அப்பாவிடமிருந்து வந்தது என்றார் அப்பா. உன் அப்பாவுக்கு? அவருடைய அப்பாவிடமிருந்து. அதற்கு மேல் அப்பாவுக்குத் தெரியாது. அந்த மனிதர் தன் ஊருக்குப் பக்கத்துச் சேமக்காலையில் ஒரு கல்லறைக் கல்லில் மட்டும் அந்தப் பெயரைக் கண்டிருக்கிறாராம். வேறெங்கும் கண்டதில்லையாம். லீவில் போகும்போது விசாரித்து வருகிறேன் என்றார்.

அன்று சாப்பிடும்போது அப்பா இரண்டு தரம் சிரித்தார். அம்மா அதை மாமாவிடம் சொன்னார். சொல்கிற அளவுக்கு அது புதினம்.

அதற்கு முந்திய மார்கழியில் ஊரில் கடல் வந்திருந்தது. அப்பாவின் ஆட்கள் எல்லாரும் ஒரே கரையில் இருந்தார்கள். ஒரு வீட்டு வேலி அடுத்த வீட்டு வேலி. டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் அன்று அப்பா போன் கார்டு போட்டு எல்லாரோடும் பேசினார். ஒருவர் மாறி ஒருவர் போனை வாங்கினார்கள். நான் பெரியப்பாவின் கடைசி மகனோடு பேசினேன். எனக்கு ஏழு, அவனுக்கும் ஏழு. யார் மூத்தது என்று சண்டை பிடித்தோம். அடுத்த நாள் காலையில் கடல் வந்தது.

அப்பா போகவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. வந்தாலும் பார்க்கிறதுக்கு ஒருவரும் இல்லை அத்தான் என்று அம்மாவின் தம்பி போனில் சொன்னார். அம்மாவின் ஆட்கள் கடலுக்குத் தள்ளி உள்ளே, வயல் பக்கம். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் குவைத்தில் பிறந்தவள். ஊருக்குப் போனதில்லை. அப்பாவின் ஆட்களை ஒரு தரமும் கண்டதில்லை. எனக்கு அவர்கள் போனில் வருகிற குரல். குரல் நின்றுவிட்டது. செத்துப்போனார்கள் என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

அப்பா வெள்ளிக்கிழமைகளில் போன் கார்டு வாங்குவதை விட்டார். அம்மா தன் தம்பியோடு பேசும்போது அப்பா பல்கனிக்குப் போய் நிற்பார். மற்றப்படி அவர் அழுது நான் காணவில்லை. டியூட்டிக்குப் போனார், வந்தார். ஒல்லாந்துக்காரர் லீவு முடிந்து வருகிற தேதியை மட்டும் கலண்டரில் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். உலகத்தில் எங்கேயாவது அந்தப் பெயரோடு ஆள் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

ஒல்லாந்துக்காரர் கையால் சாப்பிட்டார். மீன் குழம்புக்கு இருமினார். அம்மா தயிர் வைத்தார். சாப்பாட்டுக்கு நடுவிலேயே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

“சார் சொல்றத நான் சொல்றேன்ணே, நீங்க சாப்பிடுங்க” என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமாவின் இங்கிலீஷில் ஓகே, நோ ஓகே, டுமாரோ மூன்றும் இருந்தன. இரண்டாவது வசனத்தில் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான்தான் சொன்னேன்.

பெயர் வந்த வழி இது. அங்கே ஒரு பழைய வாய்க்கால். பக்கத்தில் ஒரு காணி. அந்தக் காணியில் இருந்தவர்களுக்கு வாய்க்காலின் பெயரே பெயர். வாய்க்காலை எப்போதோ மூடிவிட்டார்கள். இப்போது அதற்கு மேல் லொறி ஓடுகிற பெரிய ரோடு.

“அப்ப வாய்க்காக்கரை ஆளுங்கதானா!” மாமா தொடையில் தட்டினார். “நான் என்னமோ கவர்னரு பரம்பரைன்னு நெனச்சு இத்தன நாளா பாத்ரூமை உங்களுக்கு முன்னாடி விட்டுக்குடுத்தேனே. நம்ம ஆளுதாண்ணே நீங்க.”

“நாளையிலிருந்து நீ முந்திப் போ” என்றார் அப்பா.

ஒல்லாந்துக்காரர் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். பிறகு மாமாவிடம், உங்கள் நாட்டில் பெரியசாமிகள் எத்தனை பேர் என்று மரியாதையாகக் கேட்டார்.

“எங்க தெருவுல நாலு பேருன்னு சொல்லு பாப்பா. கோயில் திருவிழாவுக்கு வந்தா முப்பது.”

சொன்னேன். அவர் அதிசயப்பட்டார். பிறகு தாளில் கடைசி வரியில் விரலை வைத்தார். அங்கே எந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கு எடுத்து வைத்திருக்கிறார்களாம். ஐந்துக்குக் கீழே போனால் எண்ணைப் போட மாட்டார்களாம். ஐந்துக்குக் குறைவு என்று மட்டும் போடுவார்களாம். எங்கள் பெயருக்கு நேரே அப்படித்தான் போட்டிருந்தது.

“அஞ்சுக்குக் குறைய எண்டா?” என்றார் அப்பா. “நாலா? மூண்டா?”

ஒன்று. ஒல்லாந்துக்காரர் டெலிபோன் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தார். ஒரு கிழவி. கல்யாணம் கட்டாதவர். அப்பாவின் கேட் பாஸ் படத்தைக் காட்டினாராம். அந்தப் பெயரில் தானே கடைசி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம் கிழவி. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாராம். அங்கே நீங்கள் எத்தனை பேர்?

“கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். பெயரும் வயதும் எழுதிக் கொடுத்தால் அனுப்பிவிடுவேன்” என்றார் ஒல்லாந்துக்காரர்.

நான் அதையும் தமிழில் சொன்னேன். ஒல்லாந்துக்காரருக்கு ஊரில் நடந்தது தெரியாது. அப்பா வொர்க்‌ஷாப்பில் அதையெல்லாம் பேசுகிறவர் இல்லை.

மாமா தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “சோறு ஆறுதுண்ணே” என்றார்.

“கொப்பியும் பேனையும் எடு புள்ள” என்றார் அப்பா.

எடுத்து வந்தேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. முதலில் அவர் பெயர், முப்பத்தாறு. அம்மா, முப்பத்தொன்று. நான், எட்டு. எழுதிப் பேனையை மூடினேன்.

“இன்னும் இருக்கு. எழுது.”

தன்னோடு கூடப் பிறந்த, கல்யாணம் கட்டாத மாமியின் பெயரைச் சொன்னார். பெரியப்பா, பெரியம்மா. அவர்களின் பிள்ளைகள், மூத்ததிலிருந்து. ஒரு இடத்திலும் யோசித்து நிற்கவில்லை. சாமான் கடைக்குப் பட்டியல் சொல்வது போலச் சொன்னார். கடைசி மகனுக்கு ஏழு என்றார்.

“எட்டு. அவனும் நானும் ஒண்டு.”

“ஏழு எண்டு எழுது.”

எழுதினேன். அப்பாவின் சின்னண்ணன், அவர் பெண்சாதி, மூன்று பிள்ளைகள். அப்பாவின் சித்தப்பா, சித்தி. அவர்களுடைய மகன் வீடு.

அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் தயிர்ச் சட்டி.

“என்ன செய்யிறீங்க?”

“கேட்டதுக்குப் பதில் எழுதுறன்.”

“அந்த மனுசி இருக்கிற ஆக்களத்தானே கேட்டிருக்கா.”

“எத்தின பேர் எண்டுதான் கேட்டிருக்கா.”

அம்மா உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் திறந்திருந்தது.

ஒல்லாந்துக்காரர் தாளை வாங்கி விரலால் எண்ணினார். இருபத்து மூன்று. எழுந்து நின்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் நாட்டில் ஒன்று, உங்கள் நாட்டில் இருபத்து மூன்று, பெயர் உங்களுடையதுதான் என்றார். அப்பா ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஒல்லாந்திலிருந்து சாமான் வரும், ஆள் கூடினால் சாமான் கூடும், அதற்குத்தான் அப்பா பொய்க் கணக்குக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். அதை என் கையாலேயே எழுதியும் விட்டேன்.

சாமானும் வந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு, குளிர் தொடங்கிய நேரம், ஒல்லாந்துக்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கம்பளிக் காலுறை. கையால் பின்னியது. எல்லாம் சாம்பல் நிறம். பெரியது, நடுத்தரம், சின்னது என்று வயதைப் பார்த்துப் பின்னியிருந்தது. ஒவ்வொரு சோடியிலும் நூலால் ஒரு கடதாசித் துண்டு கட்டி, நீல மையில் ஒரு பெயர். என் கொப்பியில் இருந்த அதே வரிசை. கிழவி அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு சோடி முடிய ஒரு பெயருக்குப் புள்ளி போட்டாராம்.

அப்பா எல்லாவற்றையும் கட்டிலில் அடுக்கினார். வீடு வீடாக அடுக்கினார். பெரியப்பா வீடு ஒரு வரிசை. சின்னண்ணன் வீடு ஒரு வரிசை. என்னுடையதை எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒன்று போதவில்லை. ஏழு என்று எழுதியவனுடைய சோடியையும் எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு ஓடினேன். அப்பா பின்னால் வந்து பிடித்தார். அடிக்கவில்லை. விரல் விரலாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் வைத்தார்.

மாமா டியூட்டி முடிந்து வந்து கதவில் சாய்ந்தார்.

“ஏண்ணே, சாக்ஸ் கடையா போட்டிருக்கீங்க? ஒண்ணு தள்ளுங்க. சேஃப்டி ஷூவுக்குள்ள காலு விறைச்சுப் போவுது.”

“இல்ல தம்பி.”

“ஒரு சோடிதாண்ணே.”

“எல்லாம் பேர் போட்டு வந்திருக்கு.”

மாமா கிட்ட வந்து குனிந்து ஒரு துண்டைப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். இன்னொன்றைப் படித்தார். பிறகு தன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் சாப்பிட வரவில்லை. அடுத்த நாள் அப்பா கடையிலிருந்து இரண்டு சோடி வாங்கி வந்து அவர் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டார். எனக்கு அது விளங்கவே இல்லை. வீட்டில் அவ்வளவு கிடக்கும்போது யாராவது கடையில் வாங்குவார்களா?

மற்ற சோடிகளை அப்பா ஒரு சூட்கேஸில் வைத்துப் பூட்டினார். சில வெள்ளிக்கிழமைகளில் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டுவார்.

அடுத்த வருஷம் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. லீவும் கிடைத்தது. அதுதான் எனக்கு முதல் விமானம். அப்பா எங்களைக் கம்பளிக் காலுறையைப் போடச் சொன்னார். அவரும் போட்டார். கொழும்பில் இறங்கும்போது கால் வேர்த்து நசநசவென்றிருந்தது.

கஸ்டம்ஸில் ஒரு அதிகாரி எங்கள் சூட்கேஸைத் திறக்கச் சொன்னான். மற்றவர்களின் பெட்டியில் பால்மா, சவர்க்காரம், ரேடியோ. எங்கள் பெட்டி முழுவதும் காலுறை. அவன் சிங்களத்தில் கேட்டான். அப்பா சிங்களத்தில் பதில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது. பின்னால் நின்ற ஒரு மலைநாட்டு அக்காதான் காதுக்குள் தமிழில் சொன்னார்.

“விக்கவான்னு கேக்குறாரு. இல்லீங்க, சொந்தக்காரங்களுக்குன்னு சொல்றாரு உங்க அப்பா.”

மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளிக் காலுறையா என்று அதிகாரி கேட்டிருக்கிறான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என் காது சூடாகியது. நான் அப்போது மாதா கோயிலில் முதல் நன்மை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொய் பாவம் என்று படித்திருந்தேன். இவர் எத்தனை பேரிடம் எத்தனை தரம் இந்தப் பொய்யைச் சொல்லப் போகிறார், பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே, நானே சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களோ என்று வாயைத் திறந்தேன். அம்மா என் கையை நோகப் பிடித்தார்.

அது பொய் இல்லை என்று விளங்க எனக்குப் பல வருஷம் எடுத்தது. அன்றைக்கு விளங்கவில்லை.

அதிகாரி ஒரு சின்னச் சோடியை எடுத்துத் துண்டில் இருந்த பெயரைப் படித்தான். பிறகு பெரிய சோடி ஒன்றை எடுத்துப் படித்தான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

“எத்தன பேருன்னு கேக்குறாரு” என்றார் அந்த அக்கா.

அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை. எண்ணவில்லை.

“இருபது.”