செல்ஃப் மோட்டார் கழட்டின சனிக்கெழம

கெரசின்ல ஊறின துருவுக்குன்னு ஒரு வாசன இருக்கு... இரும்பும் ஈரமண்ணும் கலந்தாப்ல.

அந்தக் கெரசின் மூக்குக்கு நேரா சொட்டிக்கினு இருக்க, கோணிப்பை மேல மல்லாந்து படுத்துக்கினு இருந்தேன். எனக்கு மேல எங்க அம்பாசிடர்.

வருஷம் 1991. ஒரகடம் கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ள எங்க வூடு. கல்யாணமாகி ரெண்டு வருஷம். அந்தப் பழைய காரத்தான் வூட்டுக்காரர் டாக்ஸியா ஓட்டிக்கினு இருந்தாரு. மறைமலை நகர்ல ஒரு கம்பெனிக்கு தினமும் காலைல ஆபீசர்ங்கள கொண்டுபோய் விடற கான்ட்ராக்ட் அப்பத்தான் கெடச்சிருந்துச்சு. வர்ற திங்கக்கெழம மொத நாள்.

அந்த வாரம் பாத்து, வண்டிய ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் படுத்துக்கிச்சு. 'டிக்'னு ஒரு சத்தம்... அவ்ளோதான்.

புதன்கெழம அவரு வண்டி முன்னாடி ஹேண்டில சொருகி கையால இன்ஜின சுத்தினாரு. இன்ஜின் ஒரு ஒத ஒதச்சுது பாருங்க, வலது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

அவருக்குப் பதிலா ஓட்ட ஆக்டிங் டிரைவர் தாஸ் வந்தாரு. கட்டப் பாத்தாரு, ஹேண்டிலப் பாத்தாரு.

"அண்ணே, செல்ஃப்ல ஸ்டார்ட் ஆவுதுன்னா திங்கக்கெழம அஞ்சரைக்கு வந்து நிப்பேன். ஹேண்டில மட்டும் தொட மாட்டேன்."

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்தான். ஆனா ஆபீசர்ங்கள எறங்கித் தள்ளுங்கன்னு சொல்ல முடியுமா? மெக்கானிக்கோ திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டாரு. செவ்வாக்கெழமதான் வருவாராம்.

ரெண்டு நாளா வூட்டுக்காரர் சரியா சாப்பிடவே இல்ல. சனிக்கெழம காலைல நான் சொல்லிட்டேன்... "நான் கழட்டறேன்."

அவரு சிரிக்கல. "ரெண்டு போல்ட்டுதான் சாந்தி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ இருக்கறது சனியன்."

"அத நான் பாத்துக்கறேன். எந்த ஸ்பேனர்னு மட்டும் சொல்லுங்க."

மொதல்ல பேட்டரி வயர கழட்டினோம். மேல் போல்ட்டு பானெட் வழியா வந்துடுச்சு. கீழ் போல்ட்டுக்கு வண்டிய ஜாக்கி வெச்சுத் தூக்கி, சக்கரத்துக்குக் கல்லு குடுத்து, ஜாக்கிய நம்பாம ரெண்டு பெரிய மரக்கட்டையும் அடியில வெச்சோம். அப்புறம் பொடவைய இழுத்து செருகிக்கினு உள்ள போனேன்.

அது அசையல.

ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி நாலும் தோலு உரிஞ்சுபோச்சு. நான் கத்தினது கேட்டு அவரு குனிஞ்சு பாத்தாரு. ரத்தத்தப் பாத்ததும் கொரலே மாறிடுச்சு.

"போதும், வெளிய வா. கான்ட்ராக்ட் போனா போவுது."

எனக்கு அப்பத்தான் பிடிவாதமே வந்துச்சு. "வரமாட்டேன். இன்னும் கொஞ்சம் கெரசின் ஊத்துங்க."

தரையில ஒக்காந்து இடது கையாலயே ஊத்தினாரு. சோறு ஆறிக்கினு கெடந்துச்சு. ரெண்டு பேரும் போவல.

கடைசியா ஸ்பேனர் வால்ல சுத்தியால அடிச்சேன். மூணாவது அடியில 'டக்'.

போல்ட்டு ஒடஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்... தொட்டுப் பாத்தா, சுத்துது!

மோட்டாரு செம கனம். நான் கீழேர்ந்து ரெண்டு கையால தாங்க, அவரு பானெட் வழியா இடது கைய வுட்டுப் புடிச்சாரு. ரெண்டு பேருக்கும் சேத்து மூணு கை. வெளிய எடுக்கறப்போ மணி மூணு.

அப்படியே பையில போட்டுக்கினு தாம்பரம் பஸ் ஏறிட்டேன். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் பிரிச்சுப் பாத்தாரு. "உள்ள இருக்கற கார்பன் துண்டு தேஞ்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. கழட்டினது யாரும்மா?"

"நான்தாங்க."

என் விரலப் பாத்தாரு. ஸ்டூல இழுத்துப் போட்டு, கையில இருந்த வேலைய வெச்சிட்டு என்னுத எடுத்துக்கினாரு.

ஞாயித்துக்கெழம மாட்டினோம். திங்கக்கெழம தாஸ் சொன்ன மாதிரியே வந்து நின்னாரு. ஒரே தரம்... கர்ர்ர்னு புடிச்சுக்கிச்சு. வண்டி மெயின் ரோடு திரும்பற வரைக்கும் நானும் வூட்டுக்காரரும் வாசல்லயே நின்னுக்கினு இருந்தோம்.

அப்புறம் அவரு கேட்டாரு, "டீ போடட்டா?"

கல்யாணமான நாள்லேர்ந்து அவரு போட்ட மொத டீ... ஒத்தக் கையால. சக்கரை போட மறந்துட்டாரு. நானும் சொல்லல.

இத்தன வருஷம் கழிச்சு, போன மாசம் வல்லம் வடகால் கம்பெனிங்க பக்கம் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தேன். ஷிஃப்ட் முடிஞ்சு யூனிஃபார்ம்ல கூட்டமா பொண்ணுங்க. பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட சும்மா பேச்சுக் குடுத்தேன். கார் கம்பெனியாம், இன்ஜின் லைனாம்.

"செல்ஃப் மோட்டார் மாட்டறது நான்தான் ஆன்ட்டி."

"ஒண்ணு மாட்ட எவ்ளோ நேரமாவும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆவாது. போல்ட்டு முடுக்கற கன் வெச்சா உள்ள போயிடும்."

எனக்கு ஒரு பகலே போச்சுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவ பஸ்ஸு வந்துடுச்சு. ஏறி, ஜன்னல் சீட்ல ஒக்காந்து, கண்ண மூடி தூங்கிட்டா.

நல்லா தூங்கட்டும்னு நெனச்சேன்... ஆனா அந்த சனிக்கெழமைய அவகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.